சிவன் பேர் என்று நினைத்தோம்

சாலிகிராமம் அருணாசலம் ரோட்டில் 'பரமேஸ்வரன் விஹார்' என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. அந்தப் போர்டை எத்தனை முறை தாண்டிப் போயிருப்பேன் என்று கணக்கில்லை. ஆட்டோக்காரருக்கு வழி சொல்லும்போது அந்தப் பேரைச் சொல்லியிருக்கிறேன். அது சிவபெருமான் பேர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ பக்திமான் கட்டிவிட்ட வீடுகள் போலிருக்கிறது, நமக்கென்ன என்று போய்விடுவேன். ஒருநாள்கூட வண்டியை நிறுத்தி, வாசலில் இருப்பவரிடம் இது யார் பேர் என்று கேட்டதில்லை. சமீபத்தில் தெரிந்தவர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் மட்டும் "மிலிட்டரிக்காரங்க குவார்ட்டர்ஸ்தானே" என்றார். மற்றவர்கள் எல்லோரும் என் கட்சி.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1946இல் பம்பாயில் பிறந்த தமிழர். அங்கேயே எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியில் சயின்ஸ் படித்தார். 1972இல் நம் சென்னையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியிலிருந்து தேறி, மஹார் ரெஜிமெண்ட்டில் சேர்ந்தார். 1987இல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனார். நவம்பர் 25 இரவு, கந்தரோடைப் பக்கம் தேடுதல் வேட்டை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த அவருடைய ஆட்கள் மேல், பதுங்கியிருந்தவர்கள் சுட ஆரம்பித்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு சுற்றி வளைத்து, சுட்டவர்களின் முதுகுப்பக்கம் போய் நின்றார். கைகலப்பாகிவிட்டது. எதிரே வந்தவர் சுட்ட குண்டு நெஞ்சில் பாய்ந்தது. பாய்ந்த பிறகும் அந்த ஆளின் துப்பாக்கியைப் பிடுங்கி, அவரைச் சுட்டு வீழ்த்தினார். மூச்சு நிற்கும்வரை தன் ஆட்களுக்கு உத்தரவு சொல்லிக்கொண்டே இருந்தார். எதிர்த்தரப்பில் ஐந்து பேர் இறந்தார்கள். மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் லாஞ்சர்களும் கிடைத்தன. அவருக்கு வயது 41.

இறந்த பிறகு பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள். சுதந்திர இந்தியாவில் அந்த விருது வாங்கியவர்கள் மொத்தமே 21 பேர். அமைதிப்படையில் அவர் ஒருவர்தான்.

இதெல்லாம் ரகசியமில்லை. விருதுப் பாராட்டுரையிலேயே பெரும்பாலும் இருக்கிறது. தேடிப் படிக்க எனக்கு இருபது நிமிஷம் ஆனது. முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக அந்த இருபது நிமிஷம் எனக்குக் கிடைக்கவே இல்லை.

சென்னையில் பயிற்சி முடித்த இளம் அதிகாரிகள் அணிவகுத்து வரும் மைதானத்துக்கு அவர் பேர்தான். அப்பாவும் அம்மாவும் பிள்ளையின் தோளில் நட்சத்திரம் குத்தும் படம் பேப்பரில் வரும். படத்தைப் பார்த்துக் கண் கலங்குவோம். செய்தியின் முதல் வரியிலேயே மைதானத்தின் பேர் இருக்கும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். 2023இல் அந்தமானில் 21 தீவுகளுக்கு அந்த 21 பேரின் பேரை வைத்தபோது ஒரு தீவும் அவருடையதாயிற்று. ஆக, மைதானம் இருக்கிறது, தீவு இருக்கிறது, குடியிருப்பு இருக்கிறது. அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று நாம் வழக்கமாகச் சொல்லும் பல்லவி இங்கே எடுபடாது. நம் வாயில்தான் அந்தப் பேர் இல்லை.

ஏன் இல்லை என்று யோசித்தால், மறதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியவில்லை. அந்தச் சண்டையே நமக்குச் சங்கடம். 1987 ஜூலையில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது நான் கல்லூரியில் முதல் வருஷம். ஹாஸ்டலில் கை தட்டினோம். அக்டோபரில் காக்கப் போன படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை மூண்டதும் கை தட்டல் நின்றது. தீபாவளி சமயத்தில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் நம் படையின் குண்டுக்குப் பலியானார்கள். அதற்குப் பிறகு அந்தப் படையில் இருந்த எவரையும் பற்றி நாங்கள் நல்லதாக ஒரு வார்த்தை பேசியதில்லை. கெட்டதாகவும் நேரே பேசியதில்லை. சொத்துச் சண்டையில் பிரிந்துபோன சித்தப்பாவைப் பற்றிக் கல்யாண வீட்டில் யாரும் வாயெடுக்க மாட்டார்களே, அப்படி இருந்துவிட்டோம்.

ஈழத்துச் சனங்களின் துக்கத்துக்கு மரியாதை கொடுத்துத்தான் அப்படி இருந்தோம் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் அவர்கள் செத்தது எந்தத் தேதி என்று எவராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அக்டோபர் 21, 22 என்பதையும் இப்போது, அதே இருபது நிமிஷத்தில்தான் தெரிந்துகொண்டேன். செத்த சனங்களுக்காகச் சிப்பாயை நான் மறக்கவில்லை. இரண்டு துக்கத்தையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ளத் தைரியமில்லாமல் இரண்டையும் வெளியே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன். கதவுக்கு உள்ளே நான் மட்டும் இல்லை, என் தலைமுறையே இருந்தது.

1990 மார்ச்சில் கடைசி வீரர்கள் திருகோணமலையிலிருந்து கப்பலில் சென்னை வந்து இறங்கினார்கள். முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை என்பதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறவர்கள் உண்டு. அதை நியாயம் என்பவர்களும் உண்டு. நானும் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று டீக்கடையில் வாதாடியிருக்கிறேன். அன்றைக்கு பாரிமுனைக்கு பஸ் ஓடாமலா இருந்தது? நான் சென்னையில்தான் இருந்தேன். ஓர் எட்டு போய், கரையேறுகிற ஒரு பையனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்திருக்கலாம். அவர்களோடு போனதில் 1,100 பேருக்கு மேல் திரும்பி வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதுகூட ஞாபகமில்லை.

நாலே வருஷத்தில் அந்தப் படையின் பேரையும் சினிமா வாங்கிக்கொண்டது. இன்றைக்கு யாரிடமாவது 'அமைதிப்படை' என்று சொல்லிப் பாருங்கள், அமாவாசையாக வந்த சத்யராஜ்தான் நினைவுக்கு வருவார். நல்ல படம், நானும் பலமுறை பார்த்துச் சிரித்திருக்கிறேன். குறை படத்தில் இல்லை. அந்தச் சொல்லுக்கு நாம் வேறு எந்த நினைவையும் வைத்திருக்கவில்லை, காலியாகக் கிடந்த இடத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

2024 தீபாவளிக்கு 'அமரன்' வந்தது. மேஜர் முகுந்த் வரதராஜனுக்காகத் தியேட்டரில் நாங்கள் எல்லோரும் அழுதோம். அழ வேண்டியவர்தான், அவரும் அதே சென்னைப் பயிற்சிப் பள்ளியில் தேறியவர். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறுத்தியது. அவர் இறந்தது 2014இல். படம் வரும்வரைக்கும் அந்தப் பத்து வருஷம் நான் அவரை எத்தனை முறை நினைத்தேன்? டிக்கெட் வாங்கினால்தான் நமக்குக் கண்ணீர் வரும் போலிருக்கிறது. அருணாசலம் ரோட்டிலேயே ஸ்டூடியோவும் இருக்கிறது, பரமேஸ்வரன் விஹாரும் இருக்கிறது. யாராவது படமெடுத்தால் நினைத்துக்கொள்ளலாம் என்று இந்த இரண்டுக்கும் நடுவில் நாம் நின்றுகொண்டிருக்கிறோம்.

எங்கள் அபார்ட்மெண்டில் ஏழு வருஷமாக நைட் டியூட்டி பார்க்கிறவர் ராணுவத்தில் ஹவில்தாராக ரிடையரானவர். அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தவர் என்பது எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது. அவர் மறைத்ததில்லை, நாங்கள் கேட்டதில்லை. "கேட் திறங்கண்ணே", "தண்ணி லாரி வந்துச்சாண்ணே", இந்த இரண்டு வாக்கியத்திலேயே ஏழு வருஷம் ஓட்டியிருக்கிறோம். இடது முழங்காலை மடக்காமல் படியேறுவார். மூட்டுவலி என்று நாங்களே முடிவு பண்ணி, அசோசியேஷன் சார்பில் தைலம்கூட வாங்கிக் கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்.

அங்கே எப்படி இருந்தது என்று ஒருநாள் ராத்திரி கேட்டேன். டார்ச்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அங்க எல்லாரும் நம்ம பாஷைதான் பேசினாங்க சார். கெஞ்சுறதும் நம்ம பாஷை, திட்டுறதும் நம்ம பாஷை. கூட இருந்த வடக்கத்திப் பசங்களுக்குப் புரியாது. எனக்குப் புரிஞ்சுதே."

மேஜர் பரமேஸ்வரன் தெரியுமா என்றேன். "தெரியாமயா? வேற யூனிட் சார். பேர் எல்லாருக்கும் தெரியும்" என்றார். எங்கள் பிளாக்கில் முப்பத்திரண்டு வீடு. அந்தப் பேர் தெரிந்த ஒரே ஆள் கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இந்த நவம்பர் 25 காலையில் ஒரு வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் மேஜர் பரமேஸ்வரன் பேர், ரெஜிமெண்ட், தேதி, என்ன செய்தார் என்று நாலு வரி எழுதி, கீழே நோட்டீஸ் போர்டில் குத்தினேன். மெயிண்டனன்ஸ் பாக்கிப் பட்டியலுக்கும் தண்ணி லாரி அறிவிப்புக்கும் நடுவில்தான் இடம் இருந்தது. செகண்ட் ஃப்ளோர் பையன் நின்று படித்துவிட்டு, "அங்கிள், இது நிஜமா?" என்று கேட்டுவிட்டு ஸ்கூல் வேனைப் பிடிக்க ஓடினான். டியூட்டி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தார்.

"மஹார் ரெஜிமெண்ட்னு மட்டும் போட்டிருக்கீங்க. எட்டாவது மஹார்னு போடுங்க சார். பட்டாலியன் நம்பர் இல்லேன்னா அந்தப் பசங்களுக்கு மனசு ஆறாது."

பேனாவை அவரிடமே கொடுத்தேன். 8 என்று அழுத்தமாக எழுதினார். மூடியைப் போடாமல் அப்படியே நின்றார்.

"கீழே, அங்க செத்த சனங்களுக்கும் ஒரு வரி போடலாமா சார்?"

தாளில் இடம் இல்லை. தண்ணி லாரி அறிவிப்பைக் கழற்றி ஓரமாகக் குத்திவிட்டு, இன்னொரு தாள் எடுத்துவர மாடிக்குப் போனேன்.