நூலைத் தேடும் வாசகர், வாசகரைத் தேடும் நூல்

ஒரு நூலை வாசகருக்கு அறிமுகப்படுத்தும் பணியை நூலகரும் ஆசிரியரும் நண்பரும் நெடுங்காலம் செய்துவந்தனர். இன்று அப்பணியில் கணினி நிரலும் பங்கேற்கிறது. இணையப் புத்தகக்கடையில் ஒரு நூலைப் பார்வையிட்டவுடன், அதனை வாங்கியோர் வாங்கிய பிற நூல்களின் பட்டியலும் திரையில் விரிகிறது. இப்பட்டியலால் வாசகரும் படைப்பாளரும் பெறுவது என்ன, இழப்பது என்ன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரா. அரங்கநாதன், நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931 ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாம் விதியின் கருத்து. நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் அமைய வேண்டும் என்பது மூன்றாம் விதியின் கருத்து. பரிந்துரைத் தொழில்நுட்பத்தை எடைபோட இவ்விரு விதிகளும் தக்க துலாக்கோலாகும்.

பரிந்துரையின் ஆற்றல்

1995 இல் இணையவழி நூல் விற்பனையைத் தொடங்கிய அமேசான் நிறுவனம், ஒரே வாசகர் சேர்த்து வாங்கும் நூல்களுக்கிடையே உறவைக் கணக்கிடும் முறையை வளர்த்தெடுத்தது. பலர் அவ்வாறு வாங்கும்போது அவ்வுறவு வலுப்பெறுகிறது. இம்முறையில் நிரல் நூலைப் படிப்பதில்லை. வாசகர் விட்டுச்சென்ற தடங்களையே பின்பற்றுகிறது.

இதனால் விளைந்த நன்மைக்குச் சான்றும் உண்டு. பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் உயிர்பிழைத்த அனுபவத்தை ஜோ சிம்ப்சன் 1988 இல் 'டச்சிங் த வாய்ட்' என்னும் நூலாக எழுதினார். காலப்போக்கில் அந்நூல் ஏறத்தாழ மறக்கப்பட்டது. எவரெஸ்ட் மலையேற்றப் பேரிடர் குறித்து ஜான் கிராக்கவர் எழுதிய 'இன்டு தின் ஏர்' 1997 இல் வெளிவந்து பெருவரவேற்பைப் பெற்றது. அதனை வாங்கியோருக்கு இணையக்கடை சிம்ப்சனின் நூலையும் காட்டியது. படித்தோர் பாராட்டி எழுதினர். மறக்கப்பட்ட நூல் மீண்டும் பரவலாக விற்பனையாயிற்று.

தடம் பதியாத நூல்கள்

சிம்ப்சனின் நூலுக்கு முன்னரே சில வாசகர்கள் இருந்தனர். ஓர் இளம் எழுத்தாளரின் முதல் நூலுக்கோ அத்தகைய தடம் இல்லை. வாங்குவோர் இல்லாமையால் பரிந்துரை இல்லை. பரிந்துரை இல்லாமையால் வாங்குவோரும் இல்லை. புத்தகக் காட்சியில் வாங்கப்படும் நூலும் கிளை நூலகத்தில் இரவல் பெறப்படும் நூலும் இணையக்கடையின் கணக்கில் சேர்வதில்லை. மூன்றாம் விதி இங்கே தடைபடுகிறது. விற்ற நூலைப் போன்றே எழுதினால் பட்டியலில் இடம்பெறலாம் என்னும் எண்ணம் வேரூன்றுமாயின், படைப்பாளரின் தனித்தன்மையும் தேய்ந்துவிடும்.

வாசகருக்கும் இழப்பு உண்டு. துப்பறியும் கதையை விரும்பியவருக்கு மேலும் துப்பறியும் கதைகளே காட்டப்படுகின்றன. பதினாறு வயதில் தோன்றிய விருப்பமே வாழ்நாள் எல்லையாகிவிடக்கூடும். விளம்பரத்திற்குப் பணம் செலுத்தப்பட்ட நூல்களும் அதே பக்கத்தில் இடம்பெறுவதை வாசகர் பகுத்தறிய வேண்டும்.

நூலகருக்கும் திறனாய்வாளருக்கும் விருப்பு வெறுப்பு உண்டே எனச் சிலர் வினவலாம். அது உண்மையே. எனினும், ஒரு நூலை ஏன் பரிந்துரைத்தார் என அவரிடம் கேட்கலாம், மறுத்தும் பேசலாம். அவ்வுரையாடலே வாசகரின் சுவையை வளர்க்கிறது.

வாசகரின் கடமை

பரிந்துரைப் பட்டியலைப் புறக்கணிக்க வேண்டியதில்லை. அதனையே முழுதும் நம்புவதுதான் தவறு. பட்டியல் காட்டும் நூல்களோடு, நூலக அடுக்கில் தற்செயலாகக் கண்ட நூல் ஒன்றையும் படிக்கும் பழக்கம் மாணவருக்கு வேண்டும். படித்ததைப் பற்றி வகுப்பில் பேசுவதும் நான்கு வரி எழுதுவதும் அறியப்படாத படைப்பாளருக்கு வாசகரைத் தேடித் தரும். மனிதர் நடந்த பாதையில்தான் நிரல் நடக்கிறது. புதிய நூலை நோக்கிய முதல் தடத்தை வாசகரே பதிக்க வேண்டும்.