வாட்ச் செயின் மாற்ற லட்ச ரூபாயா?

"அண்ணே, வாட்ச் செயின் தொங்குது. கையைத் தூக்கினா முழங்கை வரைக்கும் ஓடுது. கொஞ்சம் டைட் பண்ணிக் குடு."

"இது டைட் பண்ற கேஸ் இல்லப்பா. செயின் தேஞ்சு போச்சு. மாத்தணும்."

"இன்னா ஆவும்?"

"கம்பெனி செயினா? லட்சத்தைத் தாண்டும்."

கேட்டவர் முகத்தில் ஈயாடாது!

ராயபுரத்தில் எந்த வாட்ச் ரிப்பேர் கடை முன்பும் நடக்கக்கூடிய பேச்சு இது. சாதாரண வாட்சுக்கு ஸ்டீல் செயின் சில நூறு ரூபாய்க்குத் தெருக்கடையிலேயே கிடைக்கிறது. ரோலக்ஸ் போன்ற சுவிஸ் வாட்ச் என்றால் கதையே வேறு. கம்பெனி ஸ்டீல் செயினுக்கே லட்ச ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். பாதி தங்கம் என்றால் இன்னும் மேலே. முழுத்தங்கம் என்றால் பல லட்சம். அந்தக் காசுக்கு ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாம்.

இது என்ன நியாயம்?

பீரோவில் கிடக்கும் பாரின் வாட்ச்

"வடசென்னையில் ஏது ரோலக்ஸ்?" என்று சிரிக்க வேண்டாம். இது துறைமுகத்தை ஒட்டிய ஊர். கப்பலில் வேலை பார்த்தவர்களும் துபாய், குவைத் என்று போய் வந்தவர்களும் இங்கே ஏராளம். கூப்பிடு தூரத்தில் பர்மா பஜார். பர்மாவில் இருந்து எல்லாவற்றையும் இழந்து திரும்பிய தமிழர்கள் 1969-ல் கடை போட்ட இடம் அது. 1991-க்கு முன்பு, வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலத்தில், பாரின் வாட்ச் கட்டியவருக்குத் தனி மவுசு இருந்தது.

அப்பா கட்டிய வாட்ச் இன்று மகன் கையில் இருக்கிறது. மெஷின் ஓடுகிறது. கண்ணாடி நன்றாக இருக்கிறது. செயின் மட்டும் தேய்ந்துவிட்டது. அதற்குத்தான் லட்ச ரூபாய் கேட்கிறார்கள்.

செயின் ஏன் நீளுகிறது?

திருவொற்றியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. என்பீல்டு புல்லட் வண்டியைத் தயாரித்துக் கொடுத்த ஊர் அது. மோட்டார் சைக்கிள் செயின் ஓடி ஓடி எப்படி நீளுகிறதோ, அப்படித்தான் வாட்ச் செயினும். இரும்பு இழுபட்டு நீளுவதில்லை. கண்ணிகளைக் கோர்த்திருக்கும் பின் தேய்கிறது. பின் போகும் துளை பெரிதாகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை இடைவெளி. இருபது கண்ணி சேர்ந்தால் செயின் தொங்குகிறது.

வியர்வையும் தூசியும் உப்பும் கண்ணிக்குள் புகுந்தால் உப்புத்தாள் போல அரைக்கும். காசிமேடு முதல் எண்ணூர் வரை கடல் காற்றுக்கும் தூசிக்கும் பஞ்சம் இல்லை. தங்கம் ஸ்டீலை விட மெதுவானது. அதனால் தங்கக் கண்ணி இன்னும் சீக்கிரம் தேயும். பழைய மாடல்களில் கண்ணிகள் உள்ளே பொள்ளலாகவோ, தகட்டை மடித்தோ செய்யப்பட்டவை. இப்போது வருபவை கெட்டியானவை.

புல்லட் செயின் நீண்டால் என்ன செய்கிறோம்? கடைக்குப் போகிறோம். செயின் ஸ்பிராக்கெட் வாங்குகிறோம். தெருமுனை மெக்கானிக் மாட்டித் தருகிறார். கம்பெனி பாகம் வேண்டுமா, வேறு பாகம் போதுமா என்பதை வண்டிக்காரரே முடிவு செய்கிறார். வாட்ச் செயினில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. கம்பெனியோ, அதன் ஆதரைஸ்டு கடையோதான் தர வேண்டும். அவர்கள் சொன்னதுதான் விலை.

வரி மட்டும்தான் காரணமா?

வரியைக் கைகாட்டுகிறார்கள். சுவிஸ் வாட்சுகளுக்கு 20 சதவீதம் சுங்க வரி இருந்தது உண்மை. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 2025 ஏப்ரல் 22 முதல், 10 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரத்தை விற்கும்போதே 1 சதவீதம் வருமான வரியும் பிடிக்கிறார்கள்.

ஆனால் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட 4 நாடுகளுடன் இந்தியா செய்த ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-ந் தேதி அமலுக்கு வந்துவிட்டது. சுவிஸ் வாட்சுக்கான சுங்க வரி படிப்படியாகக் குறையப் போகிறது. வாட்ச் விலை இறங்கலாம். செயின் விலையும் இறங்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? விற்பவர் ஒருவர்தான் என்றால் விலையை இறக்கும்படி கேட்க ஆளில்லை.

கார் கம்பெனிக்கு விழுந்த அடி

ஐரோப்பாவில் வாட்ச் ரிப்பேர் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. சுவிஸ் கம்பெனிகள் உதிரி பாகம் தர மறுக்கின்றன என்று 2004-ல் புகார் கொடுத்தார்கள். 13 ஆண்டு போராட்டத்துக்குப் பிறகு, 2017-ல் ஐரோப்பிய கோர்ட்டு கம்பெனிகள் பக்கமே நின்றது.

நம் நாட்டில் நடந்தது வேறு. உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் விற்காத 14 கார் கம்பெனிகளுக்கு, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் ரூ.2 ஆயிரத்து 544 கோடி அபராதம் போட்டது. கம்பெனிகள் அப்பீலுக்கு ஓடின. ஆனாலும் 'வண்டி வாங்கியவனுக்குப் பாகம் வாங்கவும் உரிமை உண்டு' என்ற பேச்சு அன்றே எழுந்துவிட்டது.

2022 ஜூலையில் மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராயக் குழு போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகச் சாமான், வாகனம் என 4 துறைகளை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பட்டியலில் வாட்சு இல்லை.

"வெளியில் கொடுத்தால் போலி புகுந்துவிடும், தரம் கெட்டுவிடும்" என்று வாட்ச் கம்பெனிகள் சொல்லலாம். மெஷினுக்கு அது பொருந்தலாம். செயின் மெஷின் இல்லையே! இரண்டு ஸ்பிரிங் கம்பியை எடுத்தால் கழன்று வந்துவிடும் சாமான். உண்மையான செயின் எட்டாத விலையில் இருப்பதால்தான் போலிச் செயின் வியாபாரம் கொழிக்கிறது.

பழைய செயின் எங்கே?

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தேய்ந்த செயின் என்றாலும் அதற்கு மதிப்பு உண்டு. பழைய வாட்ச் சேகரிப்பவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். தங்கச் செயின் என்றால் எடைக்கே காசு. 'மாத்திட்டேன் சார்' என்று புதுச் செயினை மாட்டிவிட்டு, பழசை ஓசைப்படாமல் உள்ளே தள்ளும் ஆசாமிகளிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வாட்சைக் கொடுக்கும் முன் செயினின் உள்பக்கத்தையும் பூட்டில் உள்ள எண்ணையும் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். தங்கம் என்றால் எடை போட வேண்டும். பழைய செயினைக் கேட்டு வாங்க வேண்டும். பில் இல்லாமல் காசு கொடுக்கக் கூடாது. பில் தர மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி முறைகேடான வியாபாரம். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். போலிச் செயினைக் கம்பெனிச் செயின் என்று விற்றால், வணிக முத்திரைச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பீரோவில் இருக்கும் வாட்ச் அசல்தானா என்று பார்க்க வேண்டும். டூப்ளிகேட் வாட்சுக்கு லட்ச ரூபாய்ச் செயின் தேடி அலைவது வீண்.

அசலே என்றாலும் உடனே கடன் வாங்கி ஓட வேண்டாம். தேய்ந்த பின்களை மாற்றி, துளைகளைச் சீர் செய்து செயினை இறுக்கித் தரும் கைத்தொழில் தெரிந்தவர்கள் உண்டு. புதுச் செயின் விலையில் ஒரு பங்குதான் ஆகும். அது முடியாவிட்டால் தோல் பட்டை மாட்டிக் கட்டிக்கொள்ளலாம். அப்பாவின் நினைவு வாட்சில் இருக்கிறது, செயினில் இல்லை. ஸ்பிரிங் கம்பியை மட்டும் அவ்வப்போது மாற்ற வேண்டும். அது உடைந்தால் வாட்சே ரோட்டில் விழும். சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷ்ஷால் செயினைத் தேய்த்துக் கழுவினால் ஆயுள் கூடும். வாட்சுக்குள் தண்ணீர் போகும் என்றால், செயினைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

யாருக்காக இந்தக் கவலை?

"லட்சத்தில் வாட்ச் கட்டுகிறவன் செயினுக்கு அழுதால் எனக்கென்ன?" என்று மின்சார ரெயிலில் தொங்கிக்கொண்டு போகிற குமாஸ்தா கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆனால் இன்று வாட்ச் செயினுக்குச் செல்லுகிற இந்தச் சட்டம், நாளை மிக்சி ஜாருக்கும் செல்போன் பேட்டரிக்கும் வரும். விற்றவனிடமே பாகம் வாங்க வேண்டும், அவன் சொன்ன விலையே விலை என்றால், காசு கொடுத்து வாங்கிய பொருள் யாருடையது?

பழுது பார்க்கும் உரிமைப் பட்டியலில் கைக்கடிகாரத்தையும் சேர்க்க வேண்டும். செயின், பூட்டு, ஸ்பிரிங் கம்பி போன்ற வெளிப் பாகங்களின் விலையைக் கம்பெனிகள் கடையில் எழுதி வைக்க வேண்டும். கேட்பவருக்கு விற்க வேண்டும்.

வாட்ச் நம் கையில் இருக்கிறது. குடுமி மட்டும் கம்பெனிக்காரன் கையில் இருப்பது நியாயம் அல்ல!