நிறுத்தும் துணிவு

மேடையில் முழங்குவதையே வீரமென்று கருதுவோர் நம்மிடையே பலர். கிணற்றடியிலும் வீரம் வேண்டுமென்பதை நாம் மறந்துவிட்டோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. மாரி மழையால் சுண்ணக்கற் பாறைக்குள் ஊறித் தேங்கும் நீரே நமது செல்வம். அடியில் உவர்நீர், அதன்மேல் நன்னீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும்.

அன்று ஒருவர் துலா மிதிக்க, மற்றவர் பட்டை பிடித்து இறைத்தார். உடலின் களைப்பே அளவுகோலாயிற்று. இயந்திரம் வந்தது, களைப்பு நீங்கியது, அதனோடு அளவும் நீங்கியது. பயிர் வேண்டாத உரத்தையும் கொட்டினோம். எஞ்சியது நைத்திரேற்றாகக் கிணற்றை அடைந்தது. படித்தோரும் இதற்கு விலக்கல்லர். தம் வீட்டு மலகூடக் குழியைக் கிணற்றுக்கு அண்மையிலேயே வெட்டுவிக்கின்றனர்.

இவற்றை அறியாதார் எவருமிலர். ஆயினும், “அயலவன் முதலில் நிறுத்தட்டும்” என்று ஒவ்வொருவரும் காத்திருக்கிறோம். அறியாமையன்று, பழக்கமே நமது பகை.

பாத்தி நனைந்ததும் ஊரில் முதலாவதாக இயந்திரத்தை நிறுத்துபவனைக் கண்டு நாலுபேர் நகைப்பர். அந்த நகைப்பைத் தாங்கும் நெஞ்சுரமே இன்று நமக்கு வேண்டிய வீரம். அஃது இல்லையேல், நம் பிள்ளைகளுக்குக் கிணறு இருக்கும். குடிக்க நீர் இராது.