சட்டாம்பிள்ளை வேண்டாம், அண்ணனும் அக்காளும் வேண்டும்

சர்க்கார் பள்ளிகளுக்கு ரோபோப் பெட்டி வருகிறது. மோட்டார், சக்கரம், மின்பலகை, வெளிச்சத்தையும் தூரத்தையும் கண்டறியும் சிறு கருவிகள் எல்லாம் அடங்கிய பெட்டி. மத்திய சர்க்கார் 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில், ஒரு பள்ளிக்குச் சாமான் வாங்க 10 லட்சம் ரூபாய், ஐந்து வருஷம் நடத்த இன்னொரு 10 லட்சம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு. ஐந்து வருஷத்தில் சர்க்கார் பள்ளிகளில் 50,000 ஆய்வகம் அமைப்போம் என்று 2025 பட்ஜெட்டில் நிதி மந்திரி அறிவித்தார்.

நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். பெட்டி வந்த பிறகு அதைத் திறந்து வைத்திருப்பது யார்?

யந்திரம் பஞ்சாலைத் தோழர்களுக்குப் புதிதல்ல. அறுந்த இழையைக் கையால் முடிந்துகொண்டிருந்த பெண்களின் வேலையை ஆட்டோகோனர் எடுத்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் நீங்கள். யந்திரத்தோடு நமக்குப் பகை கிடையாது. அது யாருக்குச் சொந்தம், யாருடைய வயிற்றில் அடிக்கிறது என்பதில்தான் நம் வழக்கு. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்த தொழிலாளியை ஏய்ப்பது முதலாளிக்குச் சுலபமல்ல. அதனாலேயே ரோபோப் படிப்பு பணக்காரப் பள்ளிகளின் விளையாட்டாக நின்றுவிடக் கூடாது என்கிறோம்.

தர்மபுரி மாவட்டத்து இண்டூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் இதுதான். மாநிலத்தில் நூற்றுக்கு 80 பேர் என்றால் இங்கே 68 பேர் சொச்சம். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பெங்களூருக்குக் கட்டட வேலை. இல்லையென்றால் திருப்பூர் பனியன் கம்பெனி. இப்படிப்பட்ட ஊரில் ஒரு ரோபோக் குழு எழுந்தால் அதற்கு வரும் ஆபத்து என்ன? இரண்டு வருஷம் பாடுபட்டு ஒரு மாணவன் தொழிலைக் கற்கிறான். பிளஸ் டூ பரீட்சை முடிகிறது. அவன் பஸ் ஏறுகிறான். அவன் கற்றதும் அவனோடு பஸ் ஏறிவிடுகிறது. மறு வருஷம் பெட்டி பூட்டிக் கிடக்கும், பேட்டரி வீங்கிக் கிடக்கும்.

இதற்கு மருந்து நமக்குத் தெரிந்ததுதான். ஸ்பின்னிங்கில் புதிதாக வருகிறவனுக்குச் சைடு பார்க்கும் பழைய ஆள்தானே கை பழக்குகிறார்? களை வெட்டப் போகும் சிறுமிக்கு எது பயிர், எது களை என்று மூத்தவள்தானே காட்டுகிறாள்? அதுபோல ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளட்டும். பழுது வந்தால் பெரியவன் பிடுங்கிச் சரிசெய்துவிடக் கூடாது. சிறியவன் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்க, பெரியவன் வாயால் சொல்லட்டும். அதற்குப் பொறுமை வேண்டும், ஒப்புக்கொள்கிறோம். எந்தக் கம்பி எங்கே போகிறது, போன வருஷம் எது எரிந்தது என்பதையெல்லாம் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பிளஸ் டூ பிள்ளைகளைப் பரீட்சை விழுங்குவதற்கு முன்பே, அரையாண்டு விடுமுறைக்குள் பொறுப்பைக் கைமாற்றிவிட வேண்டும்.

இந்த முறை சரக்குக் கப்பலில் வந்ததல்ல. நமது திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூத்த மாணவன் இளையவர்களுக்குப் பாடம் சொன்னான்; அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் விடுதியை நடத்தினார். நமது பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு அதைத் தம் விடுதியில் புகுத்தினார். மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பித்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மதராஸ் முறை' என்று அது சீமையெங்கும் பரவியது. ஏன் பரவியது? ஒரே ஒரு உபாத்தியாயருக்குச் சம்பளம் கொடுத்து, நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை உட்காரவைத்துவிடலாம் அல்லவா! படிப்பு மலிவானது, பெரிய மனிதர்களுக்குச் செலவு மிச்சமானது.

இந்தச் சூழ்ச்சிக்கு இன்று நாம் இடம் கொடுக்கக் கூடாது. அடல் திட்டத்திலும் வெளியிலிருந்து வரும் வழிகாட்டிகள் சம்பளமில்லாத் தொண்டர்கள்தான். ஆய்வகப் பொறுப்போ ஏற்கெனவே பாடம் நடத்திக் களைத்த ஆசிரியர் தலையில். மூத்த மாணவர்கள் இருக்கிறார்களே, ஆசிரியர் எதற்கு என்று நாளை ஒரு அதிகாரி கேட்பார். அப்போது அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்துக் கார்ல் ஹேடன் பள்ளியைக் காட்டுவோம். மெக்சிகோவிலிருந்து குடியேற்றச் சீட்டில்லாமல் வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் நால்வர், பிளாஸ்டிக் குழாயை ஒட்டி நீருக்கடியில் ஓடும் ரோபோ செய்து, 2004-ல் எம்.ஐ.டி. என்னும் மாபெரும் கலாசாலையின் குழுவையே தோற்கடித்தார்கள். நால்வரும் பள்ளியை விட்டுப் போனபின்பும் அந்தக் குழு பல வருஷம் நிலைத்தது. வருஷா வருஷம் மாணவர்கள் மாறினார்கள். அவர்களோடு நின்ற ஆசிரியர்கள் மாறாமல் இருந்தார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பும் இருந்தது. 2012 நவம்பரில் நத்தம் காலனி வீடுகள் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. ஊர்ப் பிள்ளை சால்டரிங் கம்பி பிடிப்பான், காலனிப் பிள்ளை மேசை துடைப்பான், பெண் பிள்ளை நோட்டு எழுதுவாள் என்று ஆகிவிட்டால் அந்தக் குழு இருந்தென்ன, இல்லாமலென்ன? கூட்டாளி சேர்க்கும்போதே தெருவும் சாதியும் கலந்து சேர்க்கவேண்டும். எல்லா வேலையும் எல்லார் கைக்கும் முறை வைத்து வரவேண்டும். மாலையில் தங்கும் பெண் பிள்ளைகள் வீடு திரும்ப நேரத்துக்குப் பஸ் வேண்டும். அதற்கு நாம் மனுக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும்.

பாட வேளை குறைத்துப் பொறுப்புக் கொடுத்த நிரந்தர ஆசிரியர் ஒருவர். ஐந்து வருஷம் கழித்தும் பேட்டரிக்கும் கம்பிக்கும் பணம். இந்த இரண்டையும் சர்க்கார் தரட்டும். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நூற்றுக்கு 75 பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. கூலிக்குப் போகிறவர்கள் அங்கே வாய் திறக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இண்டூர்த் தாய்மார்களே, தோழர்களே! ஒருநாள் கூலி போனாலும் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். ரோபோப் பெட்டி வந்தால் அதன் சாவி யாரிடம் இருக்கும், பள்ளி விட்டபின் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.