உதய்பூரில் ஒரு "சிம்பிள்" கல்யாணம்

"ரொம்ப சிம்பிளா, நூறே பேரோட உதய்பூர்ல கல்யாணம்" என்கிறார்கள். மக்களே, இதில் எது சிம்பிள்?

ஏரிக்கரை ஓட்டலில் நூறு பேருக்கு இரண்டு ராத்திரி அறை, மேடை, பூ அலங்காரம், ட்ரோன் கேமரா. முட்டிவலிப் பாட்டியும் லீவு கிடைக்காத மாமாவும் லிஸ்டிலிருந்து தானாகவே காலி. ஊர் மண்டபத்தில் ஆடம்பரம் இருந்தாலும் தெருவே வந்து சாப்பிட்டுப் போகும்.

"எங்க காசு, உனக்கென்ன?" என்பீர்கள். பாதிப் பேருக்கு அது அப்பாவின் பி.எஃப். காசு. சரி, செலவு செய்யுங்கள். எளிமை என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.

எளிமைக்குத் தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. அண்ணா ஆட்சியில், 1967இல், இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவு. உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலை மாற்றினால், மோதிரம் போட்டால்கூடப் போதும். புரோகிதர் வேண்டாம். ஊரைக் கூட்டி அறிவிக்கவும் தேவையில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் 90 நாளுக்குள் பதிவு செய்யணும், அவ்வளவுதான்.

சாதி மீறிக் காதலித்து, வீட்டுக்குப் பயந்து ஓடிவந்த எத்தனையோ ஜோடிகளுக்கு அந்த இரண்டு மாலைதான் பாதுகாப்பு. "சிம்பிள்" அவர்களுடைய வார்த்தை.

நீங்களும் அப்படியே முடித்துவிட்டு, மிச்சக் காசில் ஹனிமூனுக்கு உதய்பூர் போங்களேன். யார் வேண்டாம்னா?