பத்துப் புள்ளியைப் பறிகொடுக்கலாமா?

1949-இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக் கழகம் தோன்றியபோது தோட்டத்துப் பிள்ளைக்கு அது எட்டாக் கனி. இன்று நம் பிள்ளைகளும் பட்டதாரிகளாகிறார்கள். ஆயினும் மருத்துவம், சட்டம் போன்ற துறைகளில் இடத்துக்குக் கடும் போட்டி.

எஸ்.டி.பி.எம். மாணவரின் தகுதிப் புள்ளி எப்படிக் கணக்கிடப்படுகிறது? நூற்றில் 90 தேர்வுக்கு. 10 புறப்பாட நடவடிக்கைக்கு. விளையாட்டு, சங்கம், சீருடை இயக்கம் ஆகியவற்றில் ஆற்றும் பங்குக்கே அந்தப் பத்து. நம் பிள்ளைகள் தேர்வுக்குக் கண் விழித்துப் படிக்கிறார்கள். ஆனால் பஸ் போய்விடுமே என்று திடலில் நில்லாமல் வீடு திரும்புகிறார்கள். போட்டி மிகுந்த துறையில் ஓரிரு புள்ளி குறைந்தாலும் இடம் கைநழுவும்.

பெற்றோரே! பிள்ளையை நான்காம் படிவத்திலேயே ஒரு சங்கத்தில் சேருங்கள். நற்சான்றிதழ்களைப் பிறப்புப் பத்திரத்தோடு பத்திரப்படுத்துங்கள். மலாய் மொழியில் கிரெடிட்டும், மூவெட் ஆங்கிலத் தேர்வும் அவசியம் என்பதை மறவாதீர்கள்.

கிராணிமாரே! விண்ணப்பம் செய்யும் நாளில் பிள்ளைகளோடு கணினி முன் அமருங்கள். துறைகளை வரிசைப்படுத்தும்போது ஒவ்வொன்றின் தகுதி விதியையும் படித்துச் சொல்லுங்கள்.

தோட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது ஒன்றே: புறப்பாட நடவடிக்கை நாட்களில் மாலையில் ஒரு வண்டி. கிளைகள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்றட்டும்!