லோடு வண்டிக்குக் கிளட்ச் வேண்டுமா, வேண்டாமா?

புள்ளலூர், வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கம் உழவர் கூட்டங்களில் உரம், பூச்சி, விதை பற்றிய கேள்விகள் முடிந்ததும் இப்போதெல்லாம் வண்டிக் கேள்வி ஒன்று தவறாமல் வருகிறது. "நாலு பேர் சேர்ந்து லோடு வண்டி எடுக்கலாம்னு இருக்கோம் சார். கியர் போடாம ஓட்டுற வண்டியாவே எடுத்துடலாமா?" மகனோ மருமகனோ சென்னையில் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பார். ஒருமுறை ஓட்டிப் பார்த்தவருக்கு, இடது காலுக்கு வேலையே இல்லாத அந்தச் சுகம் மறப்பதில்லை.

நான் பயிர் பற்றிப் படித்தவன்; வண்டி விற்பவன் அல்ல. ஆனால் ஏக்கருக்கு இரண்டு மூட்டை கூடுதலாக எடுக்க நீங்களும் நாங்களும் தலையால் தண்ணீர் குடிக்கிறோம். பறித்த கத்தரிக்காய் சந்தைக்குப் போகாமல் வரப்போரம் கிடந்தால் அத்தனை பாடும் அன்றே வீண். அதனால் இதுவும் வேளாண்மைக் கேள்விதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயம்பேட்டுக்குக் காய்கறியும், கொள்முதல் நிலையத்துக்கு நெல்லும் ஏற்றத்தான் வண்டி என்றால், இன்றைக்குக் கிளட்ச் உள்ள வண்டியையே எடுங்கள். ஆனால் அதற்கு டீக்கடையில் சொல்லப்படும் காரணங்களை நம்பி எடுக்காதீர்கள். அவற்றில் பாதி காலாவதியானவை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் மூன்று விதமான சரக்கு விற்கப்படுகிறது. ஒன்று, டார்க் கன்வெர்ட்டர் வகை. இதில் இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே கிளட்ச் பிளேட்டுக்குப் பதிலாக எண்ணெய் வேலை செய்கிறது. இரண்டு மேஜை மின்விசிறிகளை எதிரெதிராக வைத்து ஒன்றை ஓட்டினால், அந்தக் காற்றில் மற்றொன்றும் சுழலும் இல்லையா, அதுபோல. இரண்டாவது, ஏ.எம்.டி. 2014-ல் மாருதி செலிரியோ காரில் வந்து பரவிய வகை. இதில் அதே பழைய கிளட்ச் பிளேட், அதே பழைய கியர் பெட்டிதான் இருக்கும். உங்கள் காலும் கையும் செய்கிற வேலையை ஒரு சிறு கணினியும் அதன் ஏவலாளும் செய்வார்கள். மூன்றாவது, மின்சார வண்டி. அதில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. நின்ற இடத்திலிருந்தே மோட்டார் முழு இழுவை கொடுத்துவிடும்.

இந்த மூன்றில் எது நம் ஊர் விலையில் கிடைக்கிறது? விவசாயிகள் அதிகம் வாங்கும் பொலேரோ பிக்கப், ஓசூரில் பிறந்த தோஸ்த், நாம் 'குட்டி யானை' என்று கூப்பிடும் டாடா ஏஸ் ஆகியவற்றின் டீசல் வண்டிகள் கிளட்சோடுதான் வருகின்றன. டார்க் கன்வெர்ட்டர் வேண்டுமென்றால் இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் என்று போக வேண்டும். விலை 20 லட்சத்தைத் தாண்டும். ஐந்து பேர் உட்காரும் கேபின் போக, பின்னால் எஞ்சும் தொட்டி சிறியது. அது பண்ணை வீட்டுக்கு அழகான வண்டி. நெல் மூட்டைக்கான வண்டி அல்ல. பழைய வண்டிச் சந்தையில் அதன் விலை இறங்கி வரும்போது சபலம் தட்டும். அப்போதும் தொட்டியின் நீளத்தை ஒருமுறை அளந்து பாருங்கள்.

இனி டீக்கடைக் காரணங்களுக்கு வருவோம். "ஆட்டோமேட்டிக் டீசல் குடிக்கும்" என்பது முதலாவது. மூன்று, நான்கு கியர் மட்டும் இருந்த காலத்துப் பெட்டிகளுக்கு அது பொருந்தும். இப்போது ஆறும் அதற்கு மேலும் கியர்கள் வந்துவிட்டன. வேகம் பிடித்ததும் எண்ணெய் வழுக்கலை நிறுத்திப் பூட்டிக்கொள்ளும் அமைப்பும் உண்டு. சரி, பத்து சதவீதம் கூடுதலாகவே குடிக்கட்டும், கணக்குப் போடுவோம். புள்ளலூர் பக்கமிருந்து கோயம்பேடு போய்வர ஏறத்தாழ 130 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 11 லிட்டர், சுமாராக ஆயிரம் ரூபாய். ஒரு டன் காய்கறிக்கு அது கிலோவுக்கு ஒரு ரூபாய். பத்து சதவீதம் கூடினால் கிலோவுக்குப் பத்துப் பைசா. தரம் பிரிக்காமல் அனுப்பும் கத்தரிக்காயில் நீங்கள் இழப்பது இதைவிடப் பல மடங்கு.

"ஆட்டோமேட்டிக்கில் இழுவை இருக்காது" என்பது இரண்டாவது. உண்மை நேர்மாறானது. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது டார்க் கன்வெர்ட்டர் இன்ஜினின் முறுக்கு விசையைப் பெருக்கிக் கொடுக்கும். ஈரக் களத்தில் அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுப்பதற்கு அதைப்போல வசதி கிடையாது. கிளட்ச் இல்லாத இயந்திரம் நமக்கொன்றும் புதிதும் அல்ல. சம்பா அறுவடைக்கு வரும் பெல்ட் வைத்த அறுவடை இயந்திரத்தை ஓட்டுபவரைக் கவனித்துப் பாருங்கள். ஒரே நெம்புகோலை முன்னால் தள்ளினால் போகும், பின்னால் இழுத்தால் வரும். உட்கார்ந்து ஓட்டும் நடவு இயந்திரங்கள் பலவற்றிலும் அப்படித்தான்.

அப்படியானால் ஏன் கிளட்ச் வண்டி என்கிறேன்? வண்டி நிற்கும் நாளுக்காக. கிளட்ச் பிளேட் தேய்ந்தால், உதிரிபாகம் கையில் இருந்தால், வாலாஜாபாத்திலோ உத்திரமேரூரிலோ இருக்கும் மெக்கானிக் பெட்டியை இறக்கி ஒரே நாளில் மாற்றிக் கொடுத்துவிடுவார். ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் நுண்ணிய எண்ணெய் வழிகளும் வால்வுகளும் கணினியும் உண்டு. கோளாறு என்னவென்று கண்டுபிடிக்கவே கம்பெனியின் கருவி வேண்டும். பெரும்பாலும் வண்டியைச் சென்னைக்குத் தூக்கிப் போக வேண்டும். அங்கே எத்தனை நாள் கிடக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். தர்பூசணி முற்றி நிற்கிற வாரத்தில் வண்டி நான்கு நாள் படுத்தால் வாடகை வண்டிதான் கதி. அந்த வாரத்தில் வாடகை என்ன விலை போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை வருவதால் கம்பெனி ஆளே வயலுக்கு வந்து பழுது பார்க்கிறார். ஒற்றை லோடு வண்டிக்கு அப்படி யார் வருவார்கள்?

(புள்ளலூர் என்றதும் 1780 செப்டம்பரில் ஹைதர் அலி, திப்புவின் படைகள் கர்னல் பெய்லியின் படையை முறியடித்த போர்தான் பலருக்கும் நினைவு வரும். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியது அந்தத் தோல்விக்கு ஒரு முக்கியக் காரணம். சுமை வண்டியைப் பற்றிக் கவலைப்படுவது இந்த மண்ணில் பழைய வழக்கம்தான்.)

இன்னொன்று, கட்டி இழுப்பது. சேற்றில் மாட்டினாலோ வழியில் நின்றாலோ டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்துவிடுகிறோம். கிளட்ச் வண்டியை நியூட்ரலில் போட்டு ஒர்க் ஷாப் வரை அப்படிக் கொண்டுபோய்விடலாம். டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் இன்ஜின் ஓடாதபோது உள்ளே எண்ணெயைச் சுற்றவிடும் பம்பும் ஓடாது. அந்த நிலையில் இழுசக்கரம் தரையில் உருள நெடுந்தூரம் இழுத்தால் கியர் பெட்டி காய்ந்து தேய்ந்துவிடும். சேற்றிலிருந்து பத்தடி வெளியே எடுக்கலாம். ஊர் வரை இழுக்கக் கூடாது. மின்சார வண்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அப்படித்தான். பேட்டரி இறங்கிய கிளட்ச் வண்டியை இரண்டாவது கியரில் போட்டு நாலு பேர் தள்ளினால் கிளம்பிவிடும், ஆட்டோமேட்டிக் கிளம்பாது. ஆனால் 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் இந்த வித்தையையும் முழுதாக நம்பாதீர்கள். பேட்டரி அடியோடு செத்திருந்தால் உள்ளே இருக்கும் கணினி விழிக்காது. எவ்வளவு தள்ளினாலும் வியர்வைதான் மிச்சம்.

கிளட்ச் வண்டியே எடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் போய்விட முடியாது. அதைக் கெடுப்பதும் நாம்தான். ஒரே மாடல் வண்டியில் ஒருவருக்கு வருடக்கணக்கில் வரும் பிளேட், அடுத்த தெருக்காரருக்கு ஓர் அறுவடைக் காலம்கூடத் தாங்குவதில்லை. காரணம் காலில் இருக்கிறது. கிளட்ச் மிதியின் மேல் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் ஒன்று. மிதி அரை அங்குலம் அழுந்தினாலே பிளேட் வழுக்கத் தொடங்கும். பேரிங்கும் ஓயாமல் தேயும். ஏரிக்கரை ஏற்றத்தில் எதிரே டிராக்டர் வந்தால், பிரேக் பிடிக்காமல் பாதி கிளட்சில் ஆக்சிலரேட்டரை மிதித்தபடி வண்டியை நிறுத்தி வைப்பது இன்னொன்று. அதைக் 'கைத்திறமை' என்று வேறு பாராட்டுகிறோம். அந்த ஒரு நிமிடத்தில் பிளேட் உரசிச் சூடேறுகிறது. கருகிய நாற்றம் மூக்குக்கு எட்டும்போது பிளேட்டின் ஆயுள் குறைந்துவிட்டது என்று பொருள். கொள்முதல் நிலைய வரிசையிலும், எடைமேடை வரிசையிலும் இதே கதைதான். இரண்டடி நகர்ந்து நிற்க வேண்டியிருந்தால் நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள்.

அதற்கும் மேல் அதிக பாரம். ஒன்றரை டன் தாங்கும் வண்டியில் 40 கிலோ நெல் மூட்டை 37 ஏற்றலாம். நாம் ஏற்றுவது 60. அதாவது 2,400 கிலோ. இந்தப் பாரத்துக்குக் கிளட்சும் தாங்காது, ஏ.எம்.டி.யும் தாங்காது, ஏனென்றால் அதன் உள்ளே இருப்பதும் அதே பிளேட். டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெய் கொதிக்கும். பிரேக்கும் டயரும் என்னாகும் என்பது தனிக் கதை. களப்பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பயிற்சிகளில் டிராக்டர் பராமரிப்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறோம். அதில் கால் மணி நேரத்தை லோடு வண்டிக்கும் கொடுங்கள்.

மலையில் விவசாயம் செய்பவர்கள் இதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டுமல்ல, இரண்டாவது கியரும்தான். ஆட்டோமேட்டிக்கிலும் கீழ் கியரில் பூட்டி வைக்க வழி உண்டு. ஆனால் 'டி'யில் போட்டுவிட்டு வெறும் பிரேக்கை நம்பி இறங்குபவர்களே அதிகம். சமவெளியில் இருக்கும் நமக்கு இந்தக் கவலை இல்லை.

ஆட்டோமேட்டிக் யாருக்கும் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. யார் ஓட்டப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மூட்டுவலி உள்ள அறுபது வயதுக்காரருக்கு, பூந்தமல்லி நெரிசலில் நூற்றுக்கணக்கான முறை கிளட்ச் மிதிப்பது தண்டனை. கார் ஓட்டத் தெரிந்தும், பாரம் ஏற்றிய வண்டியின் கனத்த கிளட்சுக்குப் பயந்து லோடு வண்டியைத் தொடாத பெண்களையும் பார்க்கிறேன். சட்டம் அவர்களுக்குத் தடையாக இல்லை. இலகுரக வாகன உரிமம் உள்ளவர், 7,500 கிலோ எடைக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி ஒப்புதல் இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் "உரிமம் செல்லாது" என்று இழப்பீட்டை மறுக்கும் வாதம் அதோடு அடிபட்டுப்போனது. ஆனாலும் அவர்கள் தயங்காமல் ஏறி உட்காரும்படி, பத்து லட்சம் ரூபாய்க்குள் கிளட்ச் இல்லாத டீசல் லோடு வண்டியைச் செய்துகொடுக்க நம் கம்பெனிகளுக்கு இன்னும் மனம் வரவில்லை. தாய்லாந்தில் 2023-ல் டொயோட்டா கொண்டுவந்த ஹைலக்ஸ் சாம்ப் என்ற சாதாரணச் சுமை வண்டியில் இரண்டு வகையும் உண்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் நாலைந்து வண்டியாகச் சேர்த்து வாங்கும்போது இதைக் கேட்டு வாங்கலாம், கூடவே வட்டார அளவில் சர்வீஸும்.

அதுவரை நம் விலைக்கு எட்டுகிற கிளட்ச் இல்லாத லோடு வண்டி, மின்சார வண்டிதான். டாடா 2022-ல் ஏஸ் மின்சார வண்டியைக் கொண்டுவந்தது. நம் முருகப்பா குழுமத்தின் மான்ட்ராவும் இந்தக் களத்தில் இறங்கிவிட்டது. ஏஸ் மின்சார வண்டி ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர் ஓடும் என்று அறிமுகத்தின்போது சொன்னார்கள். பாரத்தோடு, வெயிலில், நெரிசலில் அது குறையும். கோயம்பேடு போய்வர 130 என்றால் நெஞ்சு படபடக்கும். உத்திரமேரூரிலிருந்து என்றால் 160, 170 ஆகிவிடும்; வழியில் சார்ஜ் போடாமல் முடியாது. ஆனால் தினமும் காஞ்சிபுரம் உழவர் சந்தைக்குக் கீரையும், கூட்டுறவுச் சங்கத்துக்குப் பாலும் கொண்டுபோகிறவருக்கு 40, 50 கிலோமீட்டர்தான் ஓட்டம். அவர் தாராளமாக எடுக்கலாம். பாரமும் டன்னுக்குள் இருக்கட்டும். சார்ஜை வீட்டு இணைப்பில் போடுங்கள். பம்புசெட்டுக்குக் கொடுத்திருக்கும் இலவச மின்சாரம் பாசனத்துக்கு மட்டும். அதில் வண்டிக்கு வயர் இழுத்து மாட்டிக்கொண்டால் மோட்டார் இணைப்புக்கே ஆபத்து.

எந்த வண்டியானாலும் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் டீலரிடம் கேட்டு வாங்கி ஓட்டிப் பாருங்கள். காலி வண்டியை நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்து ஒரு பயனும் இல்லை. உங்கள் ஊர் ஏரிக்கரைக்குக் கொண்டுவரச் சொல்லி, அனுமதித்த பாரத்தை முழுதாக ஏற்றி, ஏற்றத்தின் நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்புங்கள். ஓட்டப்போகிறவரே ஓட்டட்டும், மகன் வேண்டாம். பிறகு அருகிலுள்ள சர்வீஸ் நிலையத்துக்கு நீங்களே போன் போட்டு, கிளட்ச் செட்டோ கியர் பெட்டி உதிரிபாகமோ இருப்பில் உண்டா, இல்லையென்றால் எத்தனை நாளில் வரும் என்று கேட்டு, சொல்கிற தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.